படகுத் திருவிழாவும் காணாமல் போன ஒரு ஆறும்

ரொம்ப நாளாக அரைகுறையாகக் கிடந்த பதிவு இது. ஆபீசில் ஆணி பிடுங்குவது கொஞ்சம் குறைந்ததால் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். நீளம் அதிகம்தான். டீயோ காபியோ கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள் மக்களே.

சியாட்டிலுக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. மே மாதத்தின் முதல் சனிக்கிழமையை இந்த ஊர்க்காரர்கள் "ஓப்பனிங் டே" என்கிறார்கள். எதைத் திறக்கிறார்கள்? கோயில் நடையா, மேட்டூர் அணையா? ரெண்டும் இல்லை. படகு சீசனைத் திறக்கிறார்களாம்! ஏரி என்ன பூட்டியா கிடக்கு, திறக்கறதுக்கு? இங்கே ஏரித் தண்ணீர் குளிர்காலத்திலும் உறைவதில்லை. படகு வைத்திருப்பவன் டிசம்பரில் ஓட்டினாலும் யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அக்டோபரில் ஆரம்பிக்கிற தூறல் ஏப்ரல் வரைக்கும் நசநசவென்று பெய்துகொண்டே இருக்கும். மே வந்தால்தான் வெயில்னு ஒண்ணு உலகத்துல இருக்கறதே ஞாபகம் வரும். அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட ஒரு சாக்கு வேண்டாமா? அதுதான் ஓப்பனிங் டே.

எங்கள் டீமில் ஒரு பெரியவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், பொறந்து வளர்ந்தது எல்லாம் சியாட்டில்தான். அவரிடம் ஒரு பழைய மர மோட்டார் படகு இருக்கிறது. வயது அவரைவிடக் கூட. ஒரு சின்ன மோட்டார் படகு கிளப்பில் பல வருஷமாக உறுப்பினர். அந்தக் கிளப்பில் ஓப்பனிங் டே என்றால் முழு வார இறுதி. சனிக்கிழமை ஏரியில் ஊர்வலம் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை எல்லாப் படகும் சேர்ந்து கடலுக்குப் போய் கரையோரமாக ஒரு சுற்று. "இந்த வருஷம் நீயும் வாயேன், ஒரு கை குறையுது, கயிறு பிடிக்க ஆள் வேணும்" என்றார். கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைத் தவிர வேறு நீர்நிலையில் இறங்கிப் பழக்கமில்லாதவன் நான். இருந்தாலும் மண்டையை ஆட்டிவிட்டேன்.

அறைத்தோழன்தான் பயமுறுத்தினான். "டேய், உனக்கு நீச்சலே தெரியாது. எதுக்குடா இந்த வேலை?" லைஃப் ஜாக்கெட் இருக்குடா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னாடி குழம்பும். சியாட்டிலுக்குக் கிழக்கே 20 மைலுக்கு மேல் நீளமான வாஷிங்டன் ஏரி. மேற்கே பியூஜெட் சவுண்ட் என்கிற உப்புக்கடல். நடுவில் யூனியன் ஏரி என்று ஒரு சின்ன ஏரி. இந்த மூன்றையும் ஒரு கால்வாய் இணைக்கிறது, சுமார் 8 மைல். வாஷிங்டன் ஏரிக்கும் யூனியன் ஏரிக்கும் நடுவில் இருக்கிற வெட்டுக்குப் பேர் மான்ட்லேக் கட். 100 அடி அகலம், அரை மைலுக்குக் கொஞ்சம் குறைவான நீளம், ரெண்டு பக்கமும் கான்கிரீட் சுவர். மேலே 1925ல் கட்டிய தூக்குப் பாலம். ஊர்வலம் போவது இந்த வெட்டு வழியாகத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய், ஏரியில் மரக்கட்டைகளை வரிசையாகச் சங்கிலி போட்டு மிதக்கவிட்டிருக்கும் இடத்தில் படகைக் கட்டிவிட்டோம். நம்ம ஊரில் தேரோட்டத்துக்கு முதல் நாளே திண்ணையில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதே டெக்னிக். எங்களுக்கு முன்னால் நூத்துக்கணக்கில் துண்டு போட்டிருந்தார்கள் :-)

சனிக்கிழமை காலையில் துடுப்புப் படகுப் பந்தயம். வாஷிங்டன் பல்கலைக்கழகப் பசங்களும் பெண்களும் வெளியூர், வெளிநாட்டு அணிகளோடு மோதுவார்கள். 1987லிருந்து வின்டர்மியர் கப் என்ற பெயரில் நடக்கிறது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஹிட்லர் கண் முன்னால் தங்கம் ஜெயித்த எட்டுப் பேர் அணி இந்தப் பல்கலைக்கழகத்து அணிதான். 2023ல் ஜார்ஜ் க்ளூனி படமாகவே எடுத்துவிட்டார். மதியம் பாலம் ரெண்டாகப் பிளந்து மேலே தூக்கிக்கொள்ள, ஊர்வலம் ஆரம்பம். வெள்ளை பேன்ட், நீலக் கோட்டு போட்ட கிளப் தலைவர்கள் விறைப்பாக சல்யூட் அடித்துக்கொண்டு போகிறார்கள். பின்னாலேயே கடல்கொள்ளைக்காரன் வேஷம், டைனோசர் வேஷம் என்று ஜோடித்த படகுகள். கரை ரெண்டிலும் ஜனம். நானும் விசிலடித்தேன். கை வலிக்கக் கை தட்டினேன். இதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெரியவர் தன் செல்போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். அவருடைய தாத்தா பத்து வயதுப் பையனாக, தொப்பி வைத்துக்கொண்டு கூட்டத்தில் நிற்கிறார். 1917 ஜூலை 4, இந்தக் கால்வாயின் திறப்பு விழா. "எங்க குடும்பம் முதல் ஊர்வலத்துலேர்ந்து இருக்கு" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்த முதல் ஊர்வலத்தில் முன்னால் போன கப்பல் ரூஸ்வெல்ட். வடதுருவத்துக்குப் போக ராபர்ட் பியரி கட்டிய அதே கப்பல்.

சரி, இந்தக் கால்வாய் எப்படி வந்தது? அங்கேதான் கதை.

1854ஆம் வருஷம், அதே ஜூலை 4. சியாட்டில் அப்போது ஊரே இல்லை, காட்டுக்கு நடுவில் கொஞ்சம் மரவீடுகள். குடியேறிகள் சேர்ந்து ஒரு பிக்னிக் போகிறார்கள். அதில் தாமஸ் மெர்சர் என்பவர் எழுந்து, பெரிய ஏரிக்கு வாஷிங்டன் என்று பேர் வைப்போம், சின்ன ஏரிக்கு யூனியன் என்று வைப்போம், ஏன்னா ஒருநாள் அது பெரிய ஏரியையும் கடலையும் இணைக்கப் போகிறது என்றார். ஊருக்கு ரோடே இல்லை, அதுக்குள்ள கால்வாய்! ரிலீசுக்கு அறுபது வருஷம் முன்னாடியே ரோட்மேப் போட்ட புராஜெக்ட் மேனேஜர் அவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த ஏரிகளுக்கு ஏற்கெனவே பேர் இருந்தது. அங்கே இருந்தவர்கள் டுவாமிஷ் மக்கள். மான்ட்லேக் வெட்டு இருக்கும் இடம் அப்போது ஒரு குறுகலான மண் திட்டு. ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குப் போக வேண்டுமென்றால், தேவதாரு மரத்தில் குடைந்த படகைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தத் திட்டைக் கடப்பார்கள். அவர்களுடைய லுஷூட்சீட் மொழியில் அந்த இடத்தின் பெயருக்கே "படகைத் தூக்கிச் செல்வது" என்றுதான் அர்த்தம். ஒரே ஒரு சொல், அதில் ஒரு முழு மேப் இருக்கிறது.

திட்டை முதலில் வெட்டப் பார்த்தவர் ஹார்வி பைக் என்ற ஒற்றை ஆள், 1860களின் தொடக்கத்தில். கையில் கடப்பாறை, மண்வெட்டி, தள்ளுவண்டி. தனியாளாக ரெண்டு ஏரியை இணைக்கக் கிளம்பியவர், கொஞ்ச நாளில் கைவிட்டுவிட்டார். அடுத்து 1880களில் ஒரு கம்பெனி சீனத் தொழிலாளர்களை வைத்து மரக்கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டுபோகிற அளவுக்கு ஒரு சின்னக் கால்வாய் வெட்டியது. வெட்டின ஈரம் காய்வதற்குள், 1886 பிப்ரவரியில், சியாட்டில் ஜனங்கள் கும்பலாகத் திரண்டு சீனர்களை வீடு வீடாகப் போய் இழுத்து வந்து துறைமுகத்தில் நிறுத்தினார்கள். சுமார் 350 பேர். அதில் 200 பேர் போலக் கப்பலேற்றி சான்பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சப் பேரில் பெரும்பாலோரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். கால்வாய் மட்டும் ஊரிலேயே இருந்தது. விசாவில் வந்து வேலை பார்க்கிறவன் இதைப் படிக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான் என்பதைத் தவிர இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

பெரிய கால்வாய்க்காகச் சொன்ன காரணங்கள் பெரிய பெரிய காரணங்கள். போர்க்கப்பல்களை நன்னீரில் நிறுத்தலாம், கப்பலின் அடியில் ஒட்டுகிற கொட்டலசும் மரத்தைத் துளைக்கிற கடல் புழுவும் நன்னீரில் செத்துப்போகும். நிலக்கரி, மரம் எல்லாம் ஏரியிலிருந்து நேராகக் கப்பலில் ஏறும். நடுவில் யூஜின் செம்பிள் என்ற முன்னாள் கவர்னர் தெற்குப் பக்கம் ஒரு மலையையே தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கரைத்து வேறு கால்வாய் வெட்டப் பார்த்தார். அதுவும் பாதியில் நின்றது.

கடைசியில் வந்தவர் ஹைரம் சிட்டன்டன். ராணுவப் பொறியாளர் படையின் அதிகாரி, 1906ல் சியாட்டிலுக்கு வந்தார். நல்ல இன்ஜினியர், நல்ல வரலாற்று எழுத்தாளரும்கூட. அவர் பார்த்த கணக்கு இது. வாஷிங்டன் ஏரி யூனியன் ஏரியைவிடச் சுமார் 9 அடி உயரத்தில் இருந்தது. யூனியன் ஏரி கடலைவிட உயரம். ஆக ரெண்டு இடத்தில் படி இறங்க வேண்டும், ரெண்டு இடத்தில் லாக் கட்ட வேண்டும். லாக் என்றால் ரெண்டு பக்கமும் கதவு வைத்த பெரிய தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுவருவது. ரெண்டு லாக் எதுக்கு? பெரிய ஏரியையே 9 அடி இறக்கிச் சின்ன ஏரியோடு சமமாக்கிவிட்டால் கடல்பக்கம் பாலார்டில் ஒரே லாக் போதுமே! செலவு மிச்சம், பராமரிப்பு மிச்சம், ஏரிக்கரையில் வெள்ளமும் குறையும்.

நானும் இன்ஜினியர்தான். முதல் தடவை இதைப் படித்தபோது "அட, என்ன அழகான டிசைன்!" என்றுதான் தோன்றியது. தேவையில்லாத ஒரு மாட்யூலைத் தூக்கிவிட்டு சிஸ்டத்தையே எளிமையாக்குவது. இப்போதும் அதை மோசமான டிசைன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அந்த மாட்யூலை நம்பி வேறு என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது என்ற கேள்வி இருக்கிறதே.

1911ல் வேலை ஆரம்பித்தது. 1916 ஜூலையில் பாலார்ட் லாக்கின் கதவுகளை மூடி, அதுவரை அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்த சால்மன் விரிகுடாவை நன்னீர்க் குளமாக்கினார்கள். ஆகஸ்ட் 25ஆம் தேதி மான்ட்லேக்கில் தடுப்பை வெட்டிவிட்டுத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். அடுத்த சுமார் மூன்று மாதத்தில் 20 மைல் நீள ஏரி மெல்ல மெல்ல 9 அடி கீழே இறங்கியது. படகுத்துறைகள் அந்தரத்தில் நின்றன. தீவு போல இருந்த இடம் கரையோடு ஒட்டிக்கொண்டது. சதுப்பு நிலம் காய்ந்து புது மனைகள் வந்தன. சிட்டன்டன் உடம்பு சரியில்லாமல் 1910லேயே ஓய்வு பெற்றவர், திறப்பு விழா நடந்த 1917லேயே அக்டோபரில் இறந்துபோனார். லாக்குக்கு அவர் பேரை வைத்தது 1956ல்.

இந்தக் கணக்கெல்லாம் மண்டையில் ஓட, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் படகுகள் ஏழெட்டு வரிசையாகக் கிளம்பின. கால்வாயில் 7 நாட் வேகத்துக்கு மேல் போகக்கூடாது, ஆக மாட்டுவண்டி ஊர்வலம்தான். பாலார்ட் லாக்கில் ரெண்டு தொட்டிகள். பெரியது 80 அடி அகலம், 825 அடி நீளம். சின்னது 30 அடிக்கு 150 அடி. எங்களைப் பெரியதில் விட்டார்கள். என் வேலை கயிறு. மேலே நிற்கும் ஊழியர் சொல்லச் சொல்ல கொக்கியில் சுற்றி, தண்ணீர் இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். இறுக்கிக் கட்டிவிட்டால் தண்ணீர் மட்டும் கீழே போகும், படகு சுவரில் தொங்கும். இதைச் சொன்னதிலிருந்து பத்து நிமிஷம் நான் மூச்சே விடவில்லை. அன்றைக்குப் பாதி வற்றிய நேரம், சுமார் 15 அடி இறங்கியிருப்போம். மேலே நின்ற மனிதர்கள் போகப் போகச் சின்னதானார்கள், சுவரில் பாசி தெரிந்தது, முன்கதவு திறந்தது, உப்பு வாசனை!

போர்க்கப்பலுக்கும் நிலக்கரிக்கும் என்று கட்டியது. கடற்படையின் கப்பல் தளம் கடைசி வரைக்கும் ஏரிக்கு வரவில்லை, எதிர்க்கரை பிரெமர்ட்டனிலேயே தங்கிவிட்டது. இன்றைக்கு அந்தத் தொட்டிகளில் ஏறி இறங்குவதில் பெரும்பான்மை எங்களை மாதிரி சாண்ட்விச் டப்பாவோடு போகிற கேஸ்கள்தான்.

கடலைக் குறுக்கே கடந்து போர்ட் மாடிசன் விரிகுடா. அங்கே சுக்வாமிஷ் என்ற சின்ன ஊரின் படகுத்துறையில் நிறுத்தினோம். கிளப் ஆட்கள் சாப்பாட்டுக்கு உட்கார, பெரியவர் என்னை மேட்டின் மேல் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். சியாட்டில் நகரத்துக்கு யார் பேர் இருக்கிறதோ அவருடைய கல்லறை. 1866ல் இறந்தார். அப்பா சுக்வாமிஷ், அம்மா டுவாமிஷ்.

இவரை உங்களுக்குத் தெரியும். பூமி நமக்குச் சொந்தமில்லை என்கிற மாதிரி சுற்றுச்சூழல் பற்றி அமெரிக்க ஜனாதிபதிக்கு ஒரு செவ்விந்தியத் தலைவர் எழுதிய கடிதம் என்று தமிழிலும் ஒன்று சுற்றுகிறதே, அது இவர் பேரில்தான். மன்னிக்கணும், அது இவர் எழுதியதில்லை. 1970களின் தொடக்கத்தில் ஒரு ஆவணப் படத்துக்காக டெட் பெர்ரி என்பவர் எழுதிய வசனம். அதற்கு மூலமாக இருப்பதே, பேச்சைக் கேட்டதாகச் சொன்ன ஹென்றி ஸ்மித் என்ற டாக்டர் முப்பதுக்கும் மேல் வருஷம் கழித்து 1887ல் பத்திரிகையில் எழுதியதுதான். தலைவர் நிச்சயமாகச் செய்தது ஒன்று உண்டு. 1855 ஜனவரி 22ல் பாயின்ட் எலியட் ஒப்பந்தத்தில் டுவாமிஷ், சுக்வாமிஷ் சார்பாக முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தார். நிலத்தைக் கொடுத்தார்கள், பதிலுக்கு ஒதுக்கப்பட்ட இடமும் மீன்பிடி உரிமையும் என்று பேச்சு. சுக்வாமிஷுக்கு இந்தக் கரையில் ஒதுக்கிய நிலம் கிடைத்தது. டுவாமிஷுக்கென்று தனியாக ஒன்றும் கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது லாக்கில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு சந்தேகம். "1916க்கு முன்னாடி இந்த வழியே இல்லையே, அப்ப வாஷிங்டன் ஏரித் தண்ணி கடலுக்கு எப்படிப் போச்சு?"

பெரியவர் யோசித்தார். "தெற்கே ஏதோ ஆறு வழியா போயிருக்கும். தெரியலையே." அறுபது வருஷமாக இந்த ஊர்க்காரர்!

தெற்கே என்றால் ரென்டன். நான் குடியிருக்கிற ஊர். எங்கள் ஏரியாவில் "பிளாக் ரிவர்" என்று பலகை பார்த்திருக்கிறேன். ரிவர் எங்கேடா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன், அடுத்த வாரம் முழுக்க நூலகத்தில் இருந்து எடுத்துப் படித்தேன்.

வாஷிங்டன் ஏரியின் தெற்கு முனையிலிருந்து கிளம்பியது பிளாக் ரிவர். ரொம்ப நீளமில்லை, சில மைல்தான். வழியில் சீடர் ஆறு வந்து சேரும். அப்புறம் மலையிலிருந்து வரும் வெள்ளாற்றோடு கலந்து டுவாமிஷ் ஆறாகி சியாட்டில் துறைமுகத்தில் கடலைத் தொடும். வெள்ளக் காலத்தில் தண்ணீர் திரும்பி ஏரிப்பக்கமே ஓடுமாம். அதனால் ரெண்டு வாய் உள்ள இடம் என்று அந்தக் கூடலுக்கு ஒரு பேர். டுவாமிஷ் மக்களின் ஊர்கள் பல இந்த ஆற்றங்கரையில்தான் இருந்தன. சால்மன் மீன் கடலிலிருந்து இதன் வழியாகத்தான் ஏரிக்கும் சீடருக்கும் ஏறிப் போனது. ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒதுக்கிய நிலம் கிடைக்காதபோதும், எங்கேயும் போகமாட்டோம் என்று சில குடும்பங்கள் இங்கேயே இருந்தன.

1912ல் சீடர் ஆற்றை வெள்ளத் தடுப்புக்காக ஏரிக்குள் திருப்பிவிட்டார்கள். 1916ல் ஏரியை இறக்கினார்கள். ஏரியின் மட்டம் ஆற்றின் தலைவாயைவிடக் கீழே போனதும், ஆறு நின்றுவிட்டது. அவ்வளவுதான். உடைக்கவில்லை, அடைக்கவில்லை. மேலே இருக்கிற எண்ணை மாற்றினார்கள், கீழே ஓடிக்கொண்டிருந்தது நின்றது.

அதைக் கரையில் நின்று பார்த்தவர்களில் ஜோசப் மோசஸ் என்ற டுவாமிஷ்காரர் பின்னாளில் சொன்னது பதிவாகியிருக்கிறது. தண்ணீர் இறங்கிக்கொண்டே போய்ப் படகுத்துறையும் படகுகளும் காய்ந்த தரையில் நின்றன. அங்கங்கே குட்டை, குட்டையில் மாட்டிக்கொண்டு துடிக்கிற மீன்கள். சுற்றுவட்டாரத்திலிருந்து ஜனங்கள் வந்து சிரித்துக் கூச்சல் போட்டுக்கொண்டு கோணிப்பையில் மீனை அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். வெள்ளைக்காரர்களுக்கு அது பெரிய நாள்தான் என்கிறார் அவர்.

நான் அரசலாற்றங்கரைக்காரன். தண்ணீர் வராத வருஷங்களில் ஆற்று மணலில் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடியிருக்கிறேன். ஆறு காய்வது எனக்குப் புதுசில்லை. ஆனால் அங்கே ஜூன் பிறந்தால் அணை திறந்தாச்சா, தண்ணி எங்க வருது, கல்லணை தாண்டிடுச்சா என்று கேட்க ஆள் இருந்தது. இங்கே கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

ஆற்றோடு நிற்கவில்லை விஷயம். டுவாமிஷ் பழங்குடி தங்களை அங்கீகரிக்கச் சொல்லி அமெரிக்க அரசிடம் மனு போட்டது. 2001 ஜனவரியில் கிளின்டன் அரசின் கடைசி நாளில் ஆம் என்றார்கள். அதே வருஷம் அடுத்த அரசு இல்லை என்றது. 2015ல் மறுபடியும் இல்லை. இடைவெளி விடாமல் ஒரு தனிச் சமூகமாக இருந்ததற்கு ஆதாரம் போதவில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணங்களில் முக்கியமானது. 2022ல் டுவாமிஷ் தரப்பு வழக்குப் போட்டது. ஆற்றை எடுத்துவிட்டு, ஏன்யா ஆற்றங்கரையில் தொடர்ச்சியாக இல்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? (சட்டம் இதைவிடச் சிக்கல் என்று தெரியும். ஆனாலும் எனக்கு இப்படித்தான் கேட்கிறது.)

திங்கட்கிழமையே பெரியவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த போட்டோவைக் காட்டியபோது அவர் முகம் ஞாபகம் வந்தது. அழைத்துப் போய், சோறு போட்டு, லாக்கில் கயிறு பிடிக்கச் சொல்லிக் கொடுத்த மனுஷனிடம், உங்க ஊர்வலம் ஒரு ஆற்றின் கருமாதி என்று எப்படி ஆரம்பிப்பது? நான் என்ன யோக்கியமா? நானும் அங்கே விசிலடித்தவன்தானே. நான் வாடகைக்கு இருக்கிற அடுக்குமாடிக்குக் கீழே ஒருகாலத்தில் ஆற்றுத் தண்ணீர் ஏறாமல் இருந்திருக்குமா?

ரெண்டு வாரம் கழித்து அவராகவே கேட்டார், அன்னைக்கு லாக்கில் ஒரு கேள்வி கேட்டியே, பதில் கிடைச்சுதா என்று. கிடைச்சுது, வர்ற சனிக்கிழமை ரென்டன் வாங்க காட்டறேன் என்றேன். "படகை எங்க இறக்கலாம்?" என்றார். கார்லேயே வாங்க என்றேன்.

பிளாக் ரிவரில் ஒரு துண்டு இன்னும் இருக்கிறது. அலுவலகக் கட்டடங்களுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் ஒரு ஈரக்காடு, பெரிய நாரைகள் கூடு கட்டுகிற இடம். கடைசியில் வெள்ளத் தண்ணீரை இறைக்கிற ஒரு பம்பிங் ஸ்டேஷன். தண்ணீர் அசையாமல் பச்சையாகக் கிடந்தது. மழைத் தண்ணீரும் சின்ன ஓடைகளின் தண்ணீரும்தான், ஏரித் தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. அங்கே நின்றுகொண்டு, 9 அடிக் கணக்கிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கோணிப்பை கதை வரைக்கும்.

கோணிப்பை என்றதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

அவர் தாத்தா ஒரு கதை சொல்வாராம். ஒன்பது வயதில், ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டு, அண்ணனோடு ரென்டனுக்கு டிராம் ஏறிப்போய், தூண்டிலே இல்லாமல் கையாலேயே மூட்டை நிறைய மீன் பிடித்த கதை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வாராம். குடும்பமே சிரிக்குமாம். எந்த ஆறு, ஏன் மீன் அப்படிக் கிடந்தது என்று யாரும் கேட்டதில்லை. தாத்தா அளக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

ஒன்பது வயது. 1917 போட்டோவில் பத்து வயது. கணக்குச் சரியாக இருந்தது.

ரொம்ப நேரம் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. ஒரு நாரை வந்து பம்பிங் ஸ்டேஷன் கம்பியில் உட்கார்ந்தது. தாத்தா எத்தனை மீன் என்று ஒரு எண்ணிக்கை சொல்வாரே, எத்தனை, எத்தனை என்று அவர் தனக்குள்ளேயே முனகிக்கொண்டிருந்தார். காரில் ஏறுகிற வரைக்கும் அது ஞாபகம் வரவில்லை.